பெஞ்சுக் கதவு

எம்மெட் ருவோனா கல்லூரிக்காக ஐஸ் ஹாக்கி ஆடுகிறான் என்று ஊரில் சொல்வார்கள். அதில் இரண்டு பொய்கள் உண்டு. கல்லூரிக்காக என்பது ஒன்று. ஆடுகிறான் என்பது இன்னொன்று.

முதல் பொய்யை அணி மொத்தமும் சேர்ந்து சொன்னது. பைன் ஹார்பர் கல்லூரிக்கென்று நிஜமான ஹாக்கி அணி ஒன்று இருந்தது. அவர்களுக்கு விமானப் பயணம், தொலைக்காட்சி, நடைபாதைச் சுவரில் ஆளுயரப் படம், முட்டியில் சிராய்த்தால் ஓடிவர ஒரு மருத்துவர். அந்த அணியில் இடம் கிடைக்காதவர்களும், கிடைக்கும் என்று கனவில்கூட நினைக்காதவர்களும், ஆனால் ஐஸை விட்டால் உயிர் போய்விடும் என்று நம்பியவர்களும் சேர்ந்து நடத்தியது கிளப் அணி. கல்லூரியைப் பொறுத்தவரை அது சீஸ் ரசிகர் மன்றம், பந்து வித்தைக்காரர் மன்றம் போல இன்னொரு மாணவர் மன்றம், அவ்வளவுதான். சொந்தக் காசில் உடுப்பு, சொந்தக் காரில் பயணம், நிஜ அணி வேண்டாம் என்று ஒதுக்கிய நேரத்தில் ஐஸ். பெண்களிடம் பேசும்போது ‘கிளப்’ என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் எல்லோருக்கும் இருமலில் அமுங்கிப்போகும்.

மரபு என்று வந்தால் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆட்ட நாளில் கோட்டு சூட்டு போட்டு டை கட்டி வரவேண்டும் என்பது ஹாக்கிக்காரர்களின் வழக்கம். இவர்களும் மாப்பிள்ளைக் கோலத்தில் வந்து இறங்கி, காலி நாற்காலிகளின் ஓரமாகக் கம்பீரமாக நடந்து, வியர்வை ஊறிய உடைமாற்றும் அறைக்குள் போய், அந்தக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவார்கள். இந்த ஊர்வலத்தைப் பார்க்க இருந்தவர் ஐஸை மெழுகும் வண்டியின் ஓட்டுநர் ஒருவர்தான். அவரும் கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டாவது பொய் எம்மெட்டுக்கே உரியது. அவன் அணியின் மாற்று கோல்கீப்பர். முதல் கோல்கீப்பர் ஜேஸ் டோலிவருக்கோ சளி பிடிக்காது, சுளுக்காது, தேர்வு இருக்காது, காதலி கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆகவே எம்மெட் கல்லூரியில் சேர்ந்து நான்காம் ஆண்டும் முடியப்போகிறது, ஆட்டத்தில் ஒரு பக்கைக்கூட, பந்துக்குப் பதிலாக ஐஸில் வழுக்கிவரும் அந்த ரப்பர் வட்டைக்கூட, அவன் நேருக்கு நேர் சந்திக்கவில்லை. முதல் வருடம் ஜேஸுக்கு முன்பிருந்தவன் வலையின் முன் நின்றான், அதன்பின் ஜேஸ் நிற்பான். எம்மெட் முழுக் கவசத்தோடு பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து கதவைத் திறந்து மூடுவான்.

அதை லேசாக நினைத்துவிடக் கூடாது. களைத்துப்போய் உள்ளே வருபவனுக்குத் திறக்க வேண்டும். உடனே மூட வேண்டும். திறந்திருக்கும் கதவில் எவனாவது மோதினால் விலா எலும்பு போச்சு. இது போக, நடுவர் கையைத் தூக்கும் சமயம் ஒன்று உண்டு. எதிரணி தப்பு செய்தால் நடுவர் உடனே விசில் ஊதமாட்டார். கையை மட்டும் தூக்கி நிற்பார். பக் தப்பு செய்த அணியின் வசம் போனால்தான் விசில். அதுவரை பக் நம்மிடம்தான். நமக்கு யாரும் கோல் போட முடியாது. அதனால் நம் கோல்கீப்பர் வலையை விட்டுவிட்டு பெஞ்சுக்கு ஓடிவருவான், அவனுக்குப் பதில் கூடுதலாக ஒரு தாக்குதல்காரன் தாண்டிக் குதிப்பான். ஜேஸ் ஓடிவரும்போது கதவு திறந்திருக்க வேண்டும். எம்மெட் இதில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. நடுவர் தோள்பட்டை அசைந்தாலே அவன் கை தாழ்ப்பாளில் இருக்கும். யாருக்காகக் கை தூக்கினார் என்று பார்ப்பது ஜேஸின் வேலை. தூக்கினாரா என்று பார்ப்பது மட்டுமே எம்மெட்டின் வேலை.

இதைப் பார்க்க அவன் அப்பா உள்ளூர் ஆட்டம் தவறாமல் வந்தார். வெய்ன் ருவோனா மாவட்டச் சாலைகளில் பனி வாரும் வண்டி ஓட்டுபவர். அவர்கள் பக்கத்து ஆட்கள் பேச்சில் சிக்கனம். இவர் அவர்களிலேயே கஞ்சன். ஏரிக்கரை வழியாக இரண்டு மணி நேரம் ஓட்டிவந்து, பெஞ்சுக்கு எதிர்ப்புறம், ஐஸைச் சுற்றிய கண்ணாடித் தடுப்பை ஒட்டி உட்காருவார். ஆட்டம் முடிந்ததும் மகனிடம் வந்து,

“கதவ நல்லா திறந்த,” என்பார்.

அது பாராட்டா கிண்டலா என்று எம்மெட் மண்டையைக் குடைந்துகொள்வான். அம்மாவிடம் கேட்டால், “கட்டிக்கலாமான்னு நான் கேட்டப்ப அவரு ‘சரி’ன்னாரு. அதுக்கே எனக்கு இன்னும் அர்த்தம் புரியல,” என்பாள்.

அவனுடைய ஆசை, தான் ஆடுவதை அப்பா ஒருதடவையாவது பார்க்க வேண்டும். அவனுடைய பயமும் அதுவேதான். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வரை அவன் ஒரு கோல்கீப்பர். ஐஸில் இறங்கிவிட்டால் எப்படிப்பட்ட கோல்கீப்பர் என்பது தெரிந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை மதியம் தப்பிக்க வழியில்லாமல் போனது. பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம். கடைசி வருட மாணவர்களைப் பெற்றோரோடு ஐஸில் நிறுத்தி, அம்மா கையில் பூக்கொத்து கொடுத்து, அவர்களையே முதலில் ஆடவிட வேண்டும் என்பது எல்லா அணிகளுக்கும் பொதுவான மரபு. கடைசி வருட கோல்கீப்பர் எம்மெட் மட்டுமே. ஜேஸ் இன்னும் மூன்றாம் ஆண்டு.

இதில் ஒரு சிக்கல். அன்றைக்கு ஜெயித்தால் அணி வட்டாரப் போட்டிக்குப் போகும். கிளப்பின் வரலாற்றில் அங்கே யாரும் போனதில்லை. கேப்டன் கேரிக் ஷூல்ட்ஸ், எல்லோருக்கும் ஷூல்ட்ஸி, அங்கே போனால் போட்டுக்கொள்ளத் தொப்பிகள்கூடத் தைக்கக் கொடுத்துவிட்டான். உடைமாற்றும் அறைக்கு வெளியே அவன் எம்மெட்டை ஓரங்கட்டினான்.

“மச்சான், தொடை எப்படி இருக்கு?”

“தொடையா? நல்லாத்தான் இருக்கு.”

“இல்ல, இழுத்துக்கிட்ட மாதிரி நடக்குறியே.”

“நான் எப்பவுமே இப்படித்தான்டா நடப்பேன்.”

ஷூல்ட்ஸி அவன் தோளில் கைபோட்டான். “இங்க பாரு. மரபு எனக்கு உசுரு. உன்ன ஆடாதேன்னு நான் சொல்லுவேனா? சொல்ல மாட்டேன். ஆனா பாவம், உன் தொடை சொல்லுதுன்னு வச்சுக்க. அப்பாவோட ஐஸ்ல நில்லு, போட்டோ எடு, கை தட்டுறோம், எல்லாம் உண்டு. அப்புறம் ஜேஸ் நிக்கட்டும்.”

“கோச் என்ன சொன்னாரு?”

“தொடை வலின்னா தொடை வலிதான்னு சொன்னாரு.”

கோச் பிர்கெட் வாரநாட்களில் டயர் விற்பவர். யார் மனதையும் நோகடிக்காமல் வியாபாரம் பண்ணிப் பழகியவர்.

எம்மெட்டுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், பல் பிடுங்க வேண்டாம் என்று பல் டாக்டரே சொன்னது போல இருந்தது. “சரிடா,” என்றான். குரலில் கொஞ்சம் தியாகத்தையும் கலந்துகொண்டான். “அணிக்காக.”

“நீ தங்கம்டா ருவோ,” என்றான் ஷூல்ட்ஸி.

அந்தத் தங்கம், லேசாக நொண்டிப் பழகியபடி நுழைவாயிலுக்குப் போனது. அங்கே அப்பா நின்றிருந்தார். அவர் உடம்பில் வழக்கமான ஆரஞ்சு நிற வேலைச் சட்டையைக் காணோம். சாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் அலமாரியை விட்டு வெளியே வரும் கறுப்புக் கோட்டு. தலைமுடி வெட்டி, காது இரண்டும் புதிதாய் முளைத்தவை போல் வெளியே தெரிந்தன.

“அம்மா வரலியா?”

“முதியோர் இல்லத்துல ஆள் இல்லையாம். விட மாட்டேன்னுட்டாங்க.”

“வர்ற வழியில பனி கொட்டுதே. உங்களுக்கு வேலை இல்லியா?”

“லைல்ட்ட குடுத்துட்டேன்.”

எம்மெட் நொண்டுவதை மறந்து நின்றான். லைல் என்பவர் பக்கத்து வட்டத்தில் பனி வாருபவர். அவர் வாரும் லட்சணத்தைப் பற்றி மட்டும்தான் அப்பா வீட்டில் முழு வாக்கியங்களில் பேசுவார். கொட்டுகிற பனியில் தன் சாலையை அந்த மனுஷனிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறார்!

“உங்க கோச் போன் பண்ணாரு,” என்றார் அப்பா. “நீ ஆடுறேன்னு.”

“ஆமா, ஆனா…”

“ஆனா?”

அந்தக் காதுகளைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான். “ஒண்ணுமில்ல,” என்றான்.

திரும்பி உள்ளே வந்தபோது ஷூல்ட்ஸி ஸ்டிக்குக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தான்.

“தொடை சரியாயிடுச்சு,” என்றான் எம்மெட்.

“என்னது?”

“நடந்தேன். சரியாயிடுச்சு.”

“டேய், இப்பதானடா அணிக்காகன்னு சொன்ன!”

“அணிக்குச் சொல்லுடா, ஸாரின்னு.”

ஆட்டத்துக்கு முன் கோல்கீப்பரிடம் யாரும் பேசக்கூடாது என்பது இன்னொரு மரபு. அவன் கவனம் சிதறுமாம். அன்று எம்மெட்டிடம் யாரும் பேசவில்லை. மரபா வெறுப்பா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். கவசம் மாட்டினான். ஐஸில் கடைசி வருட மாணவர்களின் அம்மாக்கள் வரிசையாக நிற்க, நடுவில் கறுப்புக் கோட்டு அப்பா நின்று இளஞ்சிவப்புப் பூக்கொத்தை வாங்கிக்கொண்டார். அதை, சுற்றும் பம்பரத்தை உள்ளங்கையில் ஏந்துவதுபோல் ஏந்தி, வழுக்காமல் அங்குலம் அங்குலமாக நடந்து தன் நாற்காலிக்குப் போனார்.

எதிரணி விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து வந்திருந்தது. அவர்களும் கிளப்தான், அவர்களும் இருமுகிறவர்கள்தான். ஆட்டம் தொடங்கி அவர்கள் அடித்த முதல் அடிக்கு எம்மெட் கண்களை மூடிக்கொண்டான். பக் நெஞ்சில் வந்து மோதிக் காலடியில் விழுந்தது. அதைத் தடுத்தது அவனா, அவன் நின்ற இடமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் சகாக்கள் ஒவ்வொருவராக வந்து அவன் கால்கவசத்தை ஸ்டிக்கால் தட்டினார்கள். அந்த ‘டப் டப்’ சத்தம் இத்தனை வருடமாக ஜேஸின் காலில் கேட்ட சத்தம். சொந்தக் காலில் கேட்பது வேறு மாதிரி இருந்தது.

இரண்டாவது அடிக்கு ஒரு கண்ணைத் திறந்துவைத்தான். அது உள்ளே போய்விட்டது. அதன்பின் இரண்டையும் திறந்தான். அங்கிருந்து எப்படியோ, அழகில்லாமல், தவளை மாதிரி விழுந்தும் எழுந்தும், ஒருதடவை உட்கார்ந்த வாக்கிலும், எல்லாவற்றையும் தடுத்துக்கொண்டே போனான். மூன்றாவது, கடைசிப் பகுதி பாதி தாண்டியபோது பைன் ஹார்பர் இரண்டு, விஸ்கான்சின் ஒன்று. எதிர்ப்புறக் கண்ணாடிக்குப் பின்னால் அப்பா பூக்கொத்தை மடியில் நட்டுவைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். ‘நான் நல்ல கோல்கீப்பரோ என்னவோ’ என்று எம்மெட்டுக்கு ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

நடு ஐஸில் ஷூல்ட்ஸியைத் தாண்டிக்கொண்டு ஒருவன் பக்கை எடுத்துப் போனான். வட்டாரப் போட்டியும் தொப்பிகளும் கண்முன் போவதாக ஷூல்ட்ஸிக்குப் பட்டிருக்க வேண்டும். ஸ்டிக்கை ஓங்கி அவன் மணிக்கட்டில் ஒன்று போட்டான். நடுவர் கை மேலே போனது.

தப்பு நம்முடையது. பக் அவர்களிடம். எம்மெட் வலையை விட்டு ஓர் அங்குலம்கூட நகரக் கூடாத நேரம். எம்மெட் நடுவரின் கையைப் பார்த்தான். அதற்குமேல் எதையும் பார்க்கவில்லை. இத்தனை வருடப் பழக்கம் அவனைக் கேட்கவில்லை. கை தூக்கினால் கதவு. தலையைக் குனிந்துகொண்டு, அத்தனை கவசத்தோடும், தன் வாழ்நாளின் மிக வேகமான ஓட்டத்தில் பெஞ்சை நோக்கிப் பறந்தான்.

எதிரணி கோல்கீப்பருக்கு ஓடுவதற்கு முறையான காரணம் இருந்தது. அவனும் தன் பெஞ்சை நோக்கி எதிர்த்திசையிலிருந்து வந்துகொண்டிருந்தான். இரண்டு பெஞ்சுகளும் பக்கத்துப் பக்கத்தில். இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

“நீ எங்கடா வர்ற?” என்று அவன் முகமூடிக்குள்ளிருந்து கத்தியது அரங்கம் முழுக்க எதிரொலித்தது.

எம்மெட் தன் பெஞ்சை எட்டினான். கதவு மூடியிருந்தது. அன்று கதவுப் பொறுப்பு ஜேஸுடையது, அவன் தாழ்ப்பாளைப் பிடித்தபடி, வாய் பிளந்து, “போடா! திரும்பிப் போடா!” என்று கத்திக்கொண்டிருந்தான். வேலை தெரியாத பயல் என்று நினைத்து எம்மெட் தானே கையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கி, மிக நேர்த்தியாக, ஒரு சத்தமும் இல்லாமல், கதவைத் திறந்தான்.

அவனுக்குப் பின்னால் விஸ்கான்சின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் காலியாகக் கிடந்த வலையைச் சந்தேகத்தோடு பார்த்தான். ஏதாவது சூழ்ச்சியா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். பிறகு பக்கை மெதுவாகத் தள்ளிவிட்டான். அது அவசரமே இல்லாமல் வழுக்கிப் போய் உள்ளே படுத்துக்கொண்டது.

இரண்டுக்கு இரண்டு.

முதலில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். அதன் பிறகு எதிரணி, பார்வையாளர், நடுவர்களில் ஒருவர், ஐஸ் மெழுகும் வண்டிக்காரர் எல்லோரும். அவர் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“உள்ள வாப்பா,” என்றார் கோச் பிர்கெட், டயர் வெடித்த வாடிக்கையாளரிடம் பேசும் குரலில். “போதும். நல்லா ஆடின. ஜேஸ், நீ போ.”

ஜேஸ் முகமூடியை ஏற்கெனவே மாட்டிவிட்டான். எம்மெட்டின் ஒரு கால் கதவுக்கு உள்ளே இருந்தது. பெஞ்சின் கோடி, அவனுடைய கோடி, ஒரு அடி தூரத்தில். கால் நீட்ட இடம், முதுகு சாய மரப்பலகை, தண்ணீர்ப் புட்டி. உட்கார்ந்துவிட்டால் தலையைக் குனிந்து துண்டைப் போர்த்திக்கொள்ளலாம். வாழ்நாள் முழுக்க அந்தத் துண்டை எடுக்காமலும் இருக்கலாம்.

எதிர்ப்புறம் பார்த்தான். எல்லோரும் சிரிப்பில் வளைந்துகொண்டிருந்த இடத்தில் ஒருவர் மட்டும் எழுந்து நின்றிருந்தார். கை அசைக்கவில்லை. தலையாட்டவில்லை. பூக்கொத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். இன்னும் ஆட்டம் பாக்கி இருக்கிறது, உட்கார்ந்து பார்ப்பதா நின்று பார்ப்பதா என்று தெரியாதவர் மாதிரி.

எம்மெட் காலை வெளியே எடுத்தான்.

“கோச், நான் போறேன்.”

“எங்க?”

“வலைக்கு.”

“டேய் ருவோ!” என்று ஷூல்ட்ஸி பெனால்டிக் கூண்டிலிருந்து கத்தினான். அடித்த அடிக்கு அவனுக்கு இரண்டு நிமிடச் சிறை. “உள்ள போய்த் தொலடா!”

“நீ உள்ள இருடா முதல்ல!” என்று எம்மெட் திருப்பிக் கத்தினான். கேப்டனிடம் குரல் உயர்த்துவது அதுவே முதல் தடவை.

ஒரு ஆள் குறைவாக ஆடிய அந்த இரண்டு நிமிடமும் விஸ்கான்சின்காரர்கள் அடை மழை மாதிரி அடித்தார்கள். அடிக்கு முன் ஒவ்வொருவனும், “கதவு அந்தப் பக்கம் தம்பி!” என்று வழிகாட்டினான். எம்மெட் தோளில் வாங்கினான், முழங்காலில் வாங்கினான், ஒன்றை முகமூடியில் வாங்கிக் காதுக்குள் கோயில் மணி கேட்டான். ஒன்றும் உள்ளே போகவில்லை. ஷூல்ட்ஸி விடுதலையாகி வந்தான். ஆட்டம் முடியச் சற்று முன், தூரத்திலிருந்து வந்த மந்தமான ஓர் அடியை மறிக்கப் போகிறேன் என்று வலைக்கு முன் வந்து விழுந்தான். பக் அவன் பின்பக்கத்தில் பட்டு, திசை மாறி, எம்மெட்டின் கைக்கும் கம்பத்துக்கும் நடுவே போய்விட்டது.

மூன்றுக்கு இரண்டு. தொப்பிகளை யாருக்கு விற்பது என்ற பிரச்சினை அங்கே தொடங்கியது.

உடைமாற்றும் அறையில் ஷூல்ட்ஸி கையுறையைச் சுவரில் எறிந்தான். “ஒழுங்கா தொடையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா இப்ப நாம வட்டாரத்துக்குப் போயிருப்போம்!”

ஜேஸ் டோலிவர் ஷூவைக் கழற்றியபடியே சொன்னான். “மணிக்கட்டுல போட்டது நீ. மூணாவது போனதும் உன்மேல பட்டு. அவன் நடுவுல கொஞ்சம் காலாற நடந்துட்டு வந்தான், அவ்வளவுதான்.” சிரிப்பு வெடித்தது. கேப்டனுக்கும் வேறு வழியில்லாமல் உதடு கோணியது. அது மன்னிப்பு ஆகாது. திங்கட்கிழமை கல்லூரி முழுக்க இதைச் சொல்லப்போகிறவனும் ஷூல்ட்ஸிதான் என்பது எம்மெட்டுக்குத் தெரியும்.

வெளியே பனி நின்றபாடில்லை. அப்பா வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தார். வார இறுதிக்கு வீட்டுக்குப் போக எம்மெட் ஏறி உட்கார்ந்தான். ஊர் எல்லை தாண்டும்வரை துடைப்பான் சத்தம் மட்டும். தன் தீர்ப்புக்காகக் காத்திருப்பவன் போல அவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

“அந்தக் கதவு,” என்றார் அப்பா கடைசியில்.

“தெரியும்பா. கை எதிராளிக்குன்னு நெனச்சு…”

“அது இல்ல. தொறந்துதான் இருந்துச்சு. நானா இருந்தா உள்ள போயி உக்காந்திருப்பேன்.”

எம்மெட் திரும்பிப் பார்த்தான். அப்பா சாலையைப் பார்த்துத்தான் பேசினார். அதற்குள் இவ்வளவு பேசிவிட்டோமே என்று அவருக்கே சங்கடமாயிருந்திருக்கும்.

“எனக்கும் அதான் தோணுச்சு,” என்றான் எம்மெட்.

“அப்புறம்?”

“நீங்க நின்னுக்கிட்டிருந்தீங்க.”

“கால் மரத்துப் போச்சு. அதான் எழுந்தேன்.”

அப்பாவின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. ஏதோ மாரடைப்பு என்று எம்மெட் பயந்தான். அப்பா வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, மூச்சுத் திணறச் சிரித்தார். “அந்தப் பையன்… உன்னப் பாத்து… எங்கடா வர்றன்னு…” என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் தவித்தார். இருபத்திரண்டு வயதில் எம்மெட் முதல் தடவையாக அப்பாவின் கடைவாய்ப் பற்களைப் பார்த்தான். அவமானப்படலாமா என்று யோசித்துக்கொண்டே அவனும் சிரித்துவிட்டான்.

அப்போது அம்மாவிடமிருந்து போன். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

“ம். தோத்துட்டாங்க,” என்றார். “இல்ல, இல்ல. முழுசா ஆடினான். பாத்தேன்.”

அந்தப் பக்கம் அம்மா ஏதோ கேட்டாள். அப்பா மகனை ஓரக்கண்ணால் பார்த்தார்.

“நல்லாத்தான் ஆடினான். நடுவுல ஒரு தடவ வெளிய போயிட்டு வந்தான்.”